மாத்திரைய டெஸ்ட் பண்றதா, புள்ளைய டெஸ்ட் பண்றதா?

டீச்சர், உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன், அவசரப்பட்டு பதில் சொல்லக்கூடாதுன்னு ரெண்டு நாள் விட்டு எழுதறேன். நீங்க கேட்டது இதான். குடியாத்தம் பக்கத்துல உங்க ஸ்கூல்ல நடந்த பெற்றோர் கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, ஒன்பதாவதுல இருந்து எல்லா பசங்களுக்கும் மூத்திர டெஸ்ட் எடுக்கணும், கிட் ஆன்லைன்லயே கெடைக்குது, செலவ நாங்க பாத்துக்கறோம்னு சொல்லியிருக்கார். உடனே இன்னொரு அம்மா, ஆஸ்திரேலியால படிக்கற அவங்க பொண்ணு சொன்னத வெச்சு, அங்க கவர்மெண்டே மாத்திரைய டெஸ்ட் பண்ணித் தருதாம், நாம இன்னும் பசங்கள சந்தேகப்பட்டுகினு கீறோம்னு சொல்ல, கூட்டம் ரெண்டா பிரிஞ்சு ஒரே சத்தம் ஆயிடுச்சு. ரெண்டுல எது சரின்னு கேக்கறீங்க. கடைசில ஒரே ஒரு வரி, ப்ளஸ் ஒன் பையன் ஒருத்தன் பையில மாத்திரை அட்டை ஒண்ணு பாத்தேன், இன்னும் யார்கிட்டயும் சொல்லல, திங்கக்கிழமை நான் என்ன பண்ணட்டும்னு. எனக்கு அந்தக் கடைசி வரிதான் ராத்திரி தூக்கத்தக் கெடுத்துச்சு, ஆனா மொத ரெண்டையும் பேசாம அதுக்கு வர முடியாது.

நான் டாக்டர் இல்ல. டி.ஃபார்ம் படிச்சிட்டு காட்பாடில 22 வருஷமா மெடிக்கல் கடை வெச்சிருக்கேன், கடைக்கு ஒரு பக்கம் ஜங்ஷன், இன்னொரு பக்கம் சித்தூர் போற ரோடு, கொரோனாவுக்கு அப்புறம் வாரத்துல ஒரு நாள் போதைல இருந்து வெளிய வர நெனைக்கற பசங்களோட உக்காந்து பேசற வேலையும் பாக்கறேன். மாத்திரைங்க பத்தி எனக்குத் தெரியும், அத கேட்டு வர்ற பசங்க மூஞ்சியும் தெரியும்.

மொதல்ல அந்த ஆஸ்திரேலியா விஷயம். கூட்டத்துல ரெண்டு பேரும் டெஸ்ட்னு ஒரே வார்த்தையச் சொன்னதுலதான் பாதி குழப்பம். ஒருத்தர் சொன்னது புள்ளையோட ஒடம்ப டெஸ்ட் பண்றது. இன்னொருத்தர் சொன்னது புள்ள கைல இருக்கற மாத்திரைய. அங்க பெரிய பெரிய மியூசிக் திருவிழா நடக்கும், ஆயிரக்கணக்குல பசங்க வருவாங்க, எக்ஸ்டஸின்னு சொல்ற மாத்திரை, அதாவது எம்டிஎம்ஏ, அது திருட்டு ஃபேக்டரில அச்சுல போட்டு எடுக்கற சரக்கு, கலர் கலரா பொம்மை முத்திரை போட்டு வரும், உள்ள என்ன இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது. அங்க ஒரு கூடாரம் போட்டு, வர்றவன் பேர் கேக்காம, மாத்திரைல இருந்து ஊசி மொன அளவு சுரண்டி எடுத்து இன்ஃப்ராரெட் மெஷின்ல வெச்சுப் பாக்கறாங்க. ரிசல்ட் வந்ததும் ஆள விட்டுட மாட்டாங்க, ஒரு டாக்டரோ பயிற்சி எடுத்த ஆளோ உக்கார வெச்சுப் பேசுவாங்க, இதுக்கு முன்னாடி என்ன எடுத்த, வேற மாத்திரை சாப்படறியா, கூட யார் வந்திருக்காங்கன்னு. எந்த எடத்துலயும் இது சேஃப்னு சொல்றது கெடையாது, எடுக்காம இருக்கறது ஒண்ணுதான் ஆபத்தில்லாததுன்னு சொல்லிட்டுத்தான் பேச்சே ஆரம்பிக்கும். பக்கத்துலயே ஒரு டப்பா இருக்கும், வேணாம்னு தோணினா அதுல போட்டுட்டு போயிடலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

ஆஸ்திரேலியால இது சட்டப்படி மொதல்ல நடந்தது 2018 ஏப்ரல்ல, கான்பெரால ஒரு திருவிழால. 128 பேர் வந்தாங்க, 85 சாம்பிள் பாத்தாங்க, அதுல ரெண்டுல என்-எத்தில்பென்டிலோன்னு ஒரு மோசமான சரக்கு இருந்துச்சு. அடுத்த வருஷம் 234 பேர், 171 சாம்பிள், அதே சரக்கு ஏழுல இருந்துச்சு, அந்த ஏழையும் கொண்டு வந்தவங்களே அங்கயே போட்டுட்டு போனாங்க. 2022 ஜூலைல இருந்து கான்பெரால இதுக்குன்னே நிரந்தரமா ஒரு எடம் இருக்கு. ஆனா அந்த அம்மா சொன்ன மாதிரி ஆஸ்திரேலியா முழுக்க ஒத்துகிச்சுன்னு நெனைக்காதீங்க, விக்டோரியா 2024 கடைசிலயும் நியூ சவுத் வேல்ஸ் 2025லயும்தான் சோதனை முறையா ஆரம்பிச்சாங்க, குயின்ஸ்லாந்துல 2024ல ஆரம்பிச்சாங்க, ஆட்சி மாறினதும் 2025ல நிறுத்திட்டாங்க. மொத மொதல்ல நாடு முழுக்க சட்டமே போட்டது நியூசிலாந்து, 2021ல. ஐரோப்பால இது பழைய கதை, நெதர்லாந்துல 1992ல இருந்து, வியன்னால 1997ல இருந்து நடக்குது.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படறது ஒரு சம்பவம். 2014 டிசம்பர்ல நெதர்லாந்து டெஸ்ட் மையத்துல பிங்க் கலர்ல சூப்பர்மேன் முத்திரை போட்ட ஒரு மாத்திரை சிக்குச்சு, உள்ள எம்டிஎம்ஏவே இல்ல, பிஎம்எம்ஏன்னு வேற சரக்கு. அது மெதுவா ஏறும், அதனால எடுத்தவன் ஒண்ணும் ஆகலயேன்னு இன்னொண்ணு போடுவான், ரெண்டும் சேந்து ஒடம்பு சூடு எகிறி செத்துடுவான். உடனே டிவி, பேப்பர், போன் எல்லாத்துலயும் எச்சரிக்கை போட்டாங்க, அந்த நாட்டுல அந்த மாத்திரையால ஒரு சாவு கூட இல்ல. அதே மாத்திரை கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போச்சு, அங்க அப்போ அந்த மாதிரி ஏற்பாடு இல்ல, சில நாள்லயே நாலு பேர் செத்தாங்க. இத எப்ப படிச்சாலும் அந்த நாலு பேரோட அம்மாங்க ஞாபகந்தான் வருது எனக்கு.

இப்ப எதிர்த்துப் பேசறவங்க பக்கமும் நியாயம் இருக்கு, அத மறைச்சுட்டு உங்ககிட்ட பேச எனக்கு இஷ்டமில்ல. நியூ சவுத் வேல்ஸ்ல 2017 கடைசில இருந்து 2019 ஆரம்பம் வரைக்கும் திருவிழாங்கள்ல ஆறு பசங்க செத்துப் போய், மரண விசாரணை அதிகாரி ஹேரியட் கிரஹாம் விசாரிச்சு 2019 நவம்பர்ல அறிக்கை குடுத்தாங்க. மாத்திரை டெஸ்ட் வேணும், வாசல்ல மோப்ப நாய விட்டு பயமுறுத்தறத நிறுத்தணும்னு சிபாரிசு பண்ணாங்க. ஆனா அந்த ஆறு சாவுலயும் ஒடம்புல இருந்தது எம்டிஎம்ஏதான். அதாவது கலப்படம் பாத்து மட்டும் அவங்கள காப்பாத்தியிருக்க முடியாது, அளவுதான் எமன். அதுலயும் ஒரு 19 வயசு பொண்ணு, வாசல்ல போலீஸ் புடிச்சிடுவாங்களோன்னு பயந்து, உள்ள போறதுக்கு முன்னாடியே கைல இருந்தத மொத்தமா முழுங்கியிருக்கா. அந்த இன்ஃப்ராரெட் மெஷினுக்கும் ஒரு எல்லை இருக்கு, பெரும்பங்கு என்னன்னு சொல்லும், துளியூண்டு கலந்திருந்தா சிலதுல தெரியாமலே போயிடும். அதனால மெஷின் வந்தா சாவு நின்னுடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. என் கணக்குல அங்க வேலை செய்யறது மெஷின விட அந்தப் பத்து நிமிஷப் பேச்சு. பையன் தானா நடந்து வந்து, கைல என்ன இருக்குன்னு காட்டி, ஒரு பெரியவர் சொல்றத காது குடுத்துக் கேக்கறான் பாருங்க, அதுக்கு அந்த மெஷின் ஒரு சாக்கு.

சரி, இத அப்படியே தூக்கிட்டு வந்து நம்ம வேலூர் கோட்டை மைதானத்துல கூடாரம் போட்டா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது டீச்சர். ஏன்னா நம்ம பசங்க கைல இருக்கறது பொம்மை போட்ட மர்ம மாத்திரை இல்ல. லைசென்ஸ் வாங்கின ஃபேக்டரில செஞ்சு, பேரு, மில்லிகிராம், பேட்ச் நம்பர், காலாவதி தேதி எல்லாம் அச்சடிச்சு அட்டைல வர்ற வலி மாத்திரை. டேபென்டடால். ஆபரேஷன் வலி, முதுகு நரம்பு வலிக்கு டாக்டர் எழுதறது. தூக்க மாத்திரைல நைட்ரஜெபாம். உள்ள என்ன இருக்குன்னு என் கடைக்கு வர்ற பதினேழு வயசு பையனுக்கு நல்லாவே தெரியும், சில சமயம் புதுசா வேலைக்குச் சேந்த பையன விட அவனுக்கு அதிகம் தெரியும்.

இது எப்படி இங்க வந்து நின்னுச்சுன்னு ஒரு கதை இருக்கு. முன்னாடி டிராமடால் ஓடிச்சு. 2018 ஏப்ரல்ல அத போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க, நல்லதுதான், கடைக்காரங்க நாங்களே பயந்து வெக்கறத கொறச்சுட்டோம். அந்த எடத்துல டேபென்டடால் வந்து உக்காந்துகிச்சு, அது அந்தச் சட்டத்துக்குள்ள வரல, டாக்டர் சீட்டுக்குக் குடுக்கற மாத்திரையாதான் இருக்கு. இப்ப கடைல கெடைக்கலன்னா கூரியர்ல வரவழைக்கறாங்க, பேப்பர்ல வாரத்துக்கு ஒரு கேஸ் வருது நீங்களே படிச்சிருப்பீங்க. ஒண்ண அமுக்கினா இன்னொண்ணு கெளம்புது, அமுக்க வேணாம்னு சொல்லல, அமுக்கறது மட்டுமே வேலைன்னு நெனச்சா இப்படித்தான் ஆகும்.

நம்ம ஊர்ல ஆபத்து எங்க இருக்குன்னா, அத முழுங்காம பொடி பண்ணி ஊசில ஏத்தறாங்க. மாத்திரைங்கறது மருந்து மட்டும் இல்ல டீச்சர், அத கெட்டியா புடிச்சு வெக்கறதுக்கு டால்க், ஸ்டார்ச், செல்லுலோஸ்னு என்னென்னமோ சேத்துதான் அழுத்துவாங்க, வயித்துக்குள்ள போனா அது பாட்டுக்கு வெளிய போயிடும். ரத்தத்துல போனா கரையாது, நுரையீரல்ல இருக்கற மெல்லிசு ரத்தக்குழாய்ல போய் அடைச்சுக்கும், இதய வால்வுல கிருமி ஒட்டிக்கும், ஏத்தின எடம் சீழ் வெச்சு கை அழுகும். ஒரே ஊசிய நாலு பேர் மாத்திக்கறப்போ எச்ஐவியும் ஹெபடைட்டிஸ் சி-யும் கூடவே வருது. சாராயத்தோடயோ தூக்க மாத்திரையோடயோ சேத்தா மூச்சு விடறதயே ஒடம்பு மறந்துடும். இதெல்லாம் எந்த மெஷினும் சொல்லாது, சொல்ல வேண்டியது மனுஷங்கதான்.

ஆனா ஒரு எடத்துல அந்த எச்சரிக்கை முறை நமக்கு கண்டிப்பா வேணும், சாராயத்துல. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில 60 பேருக்கு மேல செத்தாங்க, மெத்தனால் கலந்த பாக்கெட். குடிச்சவனுக்கு நாக்குல வித்தியாசம் தெரியாது, மெத்தனால் ஒடம்புல ஃபார்மிக் ஆசிட்டா மாற நேரம் எடுக்கும், அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வந்தா காப்பாத்த மருந்து இருக்கு, லேட்டானா கண்ணு போகும், அப்புறம் உயிர் போகும். நம்ம அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலைல போலீஸ் ஊறல கொட்டி அழிக்கறாங்கன்னு அடிக்கடி செய்தி வருது, நல்ல வேலை. புடிச்ச சரக்குல என்ன இருந்துச்சுன்னு லேப் ரிப்போர்ட் வருது, அது கோர்ட்டுக்குப் போகுது. அதே ரிப்போர்ட்ல ஆபத்தானது ஏதாவது இருந்தா அன்னிக்கே சுத்துப்பட்டு ஊருக்கு தண்டோரா மாதிரி சொல்லணும், குடிச்சிருந்தா உடனே வாங்க, கேஸ் போட மாட்டோம்னு. நெதர்லாந்துக்காரன்கிட்ட இருந்து நாம எடுத்துக்க வேண்டியது இந்த ஒண்ணு.

இப்ப அந்த மூத்திர கிட். அந்த அப்பா கெட்ட எண்ணத்துல சொல்லல, பயத்துல சொல்றார், அந்த பயம் எனக்குப் புரியுது. ஆனா அவர் வாங்கற கிட்டு எதத் தேடுதுன்னு யாரும் அவருக்குச் சொல்லல. சாதாரண கிட்ல ஒவ்வொரு போதை வகைக்கும் ஒரு காகிதப் பட்டை இருக்கும், அதுல ஓபியம் பட்டைங்கறது மார்ஃபின் வகையத் தேடற பட்டை. டேபென்டடால் செயற்கையா செஞ்சது, அந்தப் பட்டைல நம்பி பாக்க முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைல ஷூ கம்பெனி இருக்கற எடத்துல சின்னப் பசங்க மோந்து பாக்கறாங்களே சொல்யூஷன், அது எந்தப் பட்டைலயும் வராது. இந்தியா முழுக்க எய்ம்ஸ் எடுத்து 2019ல வெளியிட்ட கணக்குல, இப்படி மோந்து பாக்கற பழக்கம் பெரியவங்கள்ல 0.58 சதவீதம், 10ல இருந்து 17 வயசுக்குள்ள 1.17 சதவீதம். பசங்ககிட்ட பெரியவங்கள விட அதிகமா இருக்கறது இந்த ஒண்ணு, இத கிட்டு பாக்காது. கஞ்சா மட்டும் அடிக்கடி எடுக்கறவன் ஒடம்புல வாரக்கணக்குல தங்கும், அது மாட்டும். கஞ்சால மாட்டறோம்னு தெரிஞ்ச பையன் எதுக்கு மாறுவான்? மாட்டாததுக்கு. அந்த ஊசிக்கு நாமளே தள்ளி விட்ட மாதிரி ஆயிடும்.

அப்புறம் எடுக்காதவனையும் அது மாட்டி விடும். ஜலதோஷத்துக்கு சாப்பிட்ட மாத்திரை ஆம்ஃபிடமின் பட்டைல தப்பா காட்டலாம். வீட்ல குருமாவுக்கு அரைக்கற கசகசா இருக்கே, அது ஓபியம் செடியோட விதைதான், அதிகமா சாப்பிட்டா மார்ஃபின் பட்டைல காட்டும், இது உலகம் முழுக்க தெரிஞ்ச விஷயம். ஞாயித்துக்கிழமை அம்மா வெச்ச குருமாவ சாப்பிட்டு வந்து திங்கக்கிழமை முப்பது பசங்க முன்னாடி திருடன் மாதிரி நிக்கறத கொஞ்சம் நெனச்சுப் பாருங்க, அந்தப் புள்ள அப்புறம் ஸ்கூலுக்கு வருமா. அமெரிக்கால இந்த ஸ்கூல் டெஸ்ட்ட ரொம்ப வருஷம் பண்ணிப் பாத்தாங்க, அங்க குழந்தை மருத்துவர்கள் சங்கமே பலன் இருக்குன்னு ஆதாரம் போதாது, ஸ்கூல்ல பொதுவா இத கொண்டு வரக்கூடாதுன்னு சொல்லிடுச்சு.

டெஸ்ட் எடுத்து பூட்டி வெக்கறது என்ன ஆகும்னு தெரிய அமெரிக்கா வரைக்கும் போகவே வேணாம், நம்ம காட்பாடி ஸ்டேஷன்ல இருந்தே ஆரம்பிக்கலாம். 1986 ஆரம்பத்துல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல சுனிதி சாலமன் டாக்டரோட மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழில்ல இருந்த பொண்ணுங்ககிட்ட எடுத்த ரத்த சாம்பிள ஐஸ் பெட்டில வெச்சு ராத்திரி ரயில்ல இந்தக் காட்பாடிலதான் வந்து இறங்கினாங்க. எய்ட்ஸ் நம்ம நாட்டுல வராது, அது வெள்ளக்காரன் நோய்னு எல்லாரும் சொல்லிகினு இருந்த காலம். சிஎம்சி ஆஸ்பத்திரி லேப்ல வெச்சுப் பாத்தப்போ ஆறு சாம்பிள் மஞ்சளா மாறிச்சு. இந்தியால எச்ஐவி இருக்குன்னு மொத மொதல்ல தெரிஞ்சது இந்த வேலூர்ல. அந்த வருஷமே சட்டசபைல சுகாதார மந்திரி ஹண்டே அறிவிச்சார்.

அதுக்கப்புறம் நடந்தத நிறைய பேர் சொல்றதில்ல. எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்ச பொண்ணுங்கள காப்பகத்துல இருந்து விடவே இல்ல, தண்டனைக் காலம் முடிஞ்சும் அடைச்சு வெச்சாங்க, ஒரு பத்திரிகையாளர் கோர்ட்டுக்குப் போய்தான் அவங்க வெளிய வந்தாங்க. அப்படி அடைச்சா எவ டெஸ்ட்டுக்கு வருவா? நம்ம மாநிலம் மாறினது அதுக்குப் பின்னாடி. 1994ல எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கம் வந்துச்சு, ஜிஹெச்லயே நம்பிக்கை மையம் வந்துச்சு, பேர் வெளிய சொல்ல மாட்டோம்னு சொன்னாங்க, சுவரெல்லாம் புள்ளிராஜா போஸ்டர் ஒட்டினாங்க, வெக்கப்பட்ட ஊரே வாய் விட்டுப் பேச ஆரம்பிச்சுது. டெஸ்ட்டுக்கு மக்கள் தானா வந்தாங்க. அந்த பேரு சும்மா வெக்கல டீச்சர், நம்பிக்கை மையம்.

போதைக்கும் அந்த வழி இங்க புதுசு இல்ல. ஊசி போட்டுக்கறவங்களுக்கு சுத்தமான ஊசி குடுக்கறதும், ஓபியம் வகைக்கு அடிமையானவங்களுக்கு பியூப்ரினார்ஃபின் மாத்திரைய ஆஸ்பத்திரிலயே கண் முன்னாடி குடுத்து மெல்ல நிதானத்துக்குக் கொண்டு வர்றதும் நம்ம அரசாங்கமே எய்ட்ஸ் திட்டத்துல பண்ணிட்டு வர்ற வேலை. 2017ல வந்த எச்ஐவி சட்டத்துல 22வது பிரிவு, நோய் பரவறத கொறைக்க பண்ற இந்த வேலைங்க குற்றமாகாதுன்னு எழுதியே வெச்சிருக்கு. அதே எய்ம்ஸ் கணக்குல இன்னொண்ணு சொல்லியிருக்காங்க, போதைப்பொருளுக்கு அடிமையானவங்கள்ல 20 பேர்ல ஒருத்தர்தான் ஆஸ்பத்திரில சேந்து சிகிச்சை எடுத்திருக்காங்கன்னு. ஒண்ணு. மீதி 19 பேர் வீட்ல என்ன நடக்குதுன்னு எங்க கடைக்கு வர்ற அம்மாங்க மூஞ்சில தெரியும்.

நான் ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா ஒரு பையன். நாலு வருஷம் முன்னாடி, ராத்திரி கடை சாத்தற நேரம், முழுக்கை சட்டை போட்டுகினு வந்து நின்னான், "அக்கா, கைல கட்டி வந்துகீது, எதுனா ஆயின்மென்ட் குடுக்கா"ன்னான். காட்டுடான்னா காட்டல. எனக்குப் புரிஞ்சிடுச்சு. அன்னிக்கு எனக்கு என்ன கோவமோ, அதுக்கு முந்தின வாரம்தான் ஒருத்தன் கல்லாவ ஒடைக்கப் பாத்தான், அந்தக் கோவத்த எல்லாம் இவன் மேல கொட்டினேன், போலீஸ கூப்புடுவேன், உங்க அப்பன் யாருன்னு தெரியும்னு கத்தினேன். ஒண்ணும் சொல்லாம போயிட்டான். ஆயின்மென்ட்ல ஆறாது, உள்ள சீழ் இருக்கு, கீறி எடுக்கணும், இப்பவே போன்னு சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும், அந்த அரை நிமிஷத்த நான் குடுக்கல. பதினோரு நாள் கழிச்சு அவன் அத்தை வந்து சீட்டு நீட்டினாங்க, பாத்தா ரத்தத்துல கிருமி ஏறி ஐசியூல கெடந்திருக்கான். உயிர் பொழச்சான், இடது கைல ரெண்டு விரல் மடங்காது. இப்ப அவன்தான் வார கூட்டத்துக்கு மத்த பசங்கள கூட்டிகினு வர்றான். என்கிட்ட ஒரு நாளும் அதப் பத்தி பேசினதில்ல, நான்தான் ஒரு தடவ மன்னிச்சுக்கடான்னேன், "விடுக்கா, நீயாவது கத்தின"ன்னான். அதுக்கு என்ன அர்த்தம்னு நான் இன்னும் யோசிச்சுட்டுதான் இருக்கேன்.

கூட்டத்துல என்ன சொல்லலாம்னா, கிட்டு வாங்கற காசுல ஒரு மனநல ஆலோசகர மாசம் ரெண்டு நாள் ஸ்கூலுக்கு வர வெக்கலாம், அடுக்கம்பாறை ஜிஹெச் மனநலப் பிரிவுல ஒரு டாக்டர்கிட்ட பேசி வெச்சுக்கலாம், பெத்தவங்களுக்குத் தனியா ஒரு சனிக்கிழமை வகுப்பு வெக்கலாம், மாத்திரை அட்டை, முழுக்கை சட்டை, காணாம போற ஸ்பூன், இதெல்லாம் எத காட்டுதுன்னு நானே வந்து சொல்றேன். ஸ்கூல் சுத்தி 100 கெஜத்துக்குள்ள புகையிலை விக்கக்கூடாதுன்னு 2003லயே சட்டம் இருக்கு, பசங்களுக்கு போதைப்பொருள் குடுக்கறவனுக்கு சிறார் நீதிச் சட்டம் 77வது பிரிவுல 7 வருஷம் வரைக்கும் ஜெயில். கோவத்தக் காட்டணும்னா அங்க காட்டச் சொல்லுங்க, அந்த அப்பா முன்ன நின்னு மனு குடுக்கட்டும், நானும் கையெழுத்து போடறேன்.

இப்ப உங்க பையன். திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க, நாளைக்கே பேச முடிஞ்சா நல்லது.

அந்த அட்டைல என்ன பேர், எத்தன மில்லிகிராம், எத்தன மாத்திரை காலியா இருக்குன்னு மொதல்ல பாருங்க. அவசரப்பட்டு முடிவுக்கு வராதீங்க, அது அவன் பாட்டியோட சுகர் மாத்திரையா கூட இருக்கலாம், ஒரு தடவ என்கிட்ட ஒரு அம்மா அழுதுகினே கொண்டு வந்து காட்டினது வலிப்பு மாத்திரை, அந்தப் பையன் வகுப்புல சொல்ல வெக்கப்பட்டு மறைச்சு வெச்சிருந்தான். ஸ்டாஃப் ரூம்ல வெச்சு கேக்காதீங்க, ஹெச்எம் முன்னாடியும் வேணாம். தனியா, கதவு தெறந்திருக்கற எடத்துல உக்கார வெச்சு, இது என்னன்னு எனக்குத் தெரியும், உன்ன மாட்டி விட நான் வரல, முழுங்கறியா ஊசில போடறியா அத மட்டும் சொல்லுன்னு கேளுங்க. அந்தக் கேள்விதான் எல்லாத்தயும் முடிவு பண்ணும். ஊசின்னு சொன்னா, ஊசிய யார்கூடவும் மாத்திகிட்டியான்னு கேளுங்க, கை கால்ல வீக்கம், காய்ச்சல், மூச்சு வாங்கறது இருக்கான்னு பாருங்க, இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி. இல்லன்னா ஒரு வாரத்துக்குள்ள நம்பிக்கை மையத்துல எச்ஐவி பாத்துடலாம், ஹெபடைட்டிஸ் சி இருந்தா அதுக்கு மாத்திரை அரசு ஆஸ்பத்திரில இலவசம், முழுசா கொணமாகற நோய் அது, அத அவன்கிட்ட சொல்லுங்க, பாதி பேர் செத்துடுவோம்னு நெனச்சே வர மாட்டேங்கறாங்க.

திடீர்னு நிறுத்துன்னு சத்தியம் வாங்காதீங்க. தொடர்ந்து எடுத்தவன் நிறுத்தினா ஒடம்பு வலி, பேதி, தூக்கமில்லாம நாலஞ்சு நாள் துடிப்பான், அத தாங்க முடியாம திரும்பப் போடறப்போ பழைய அளவையே போடுவான், ஒடம்பு அதுக்குள்ள எறங்கியிருக்கும், சாவு பெரும்பாலும் அங்கதான் வருது. டாக்டர் மூலமாதான் நிறுத்தணும். பாகாயம்னாலே நம்ம ஊர்ல மொகத்த சுளிப்பாங்க, மனநல ஆஸ்பத்திரிக்குப் போனா பைத்தியம்னு பேர் வந்துடும்னு அவங்க அம்மா பயப்படலாம், அவங்ககிட்ட நான் பேசறேன். போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு கேட்டா, போதைப்பொருள் சட்டத்துலயே 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு, அடிமையானவங்க தானா சிகிச்சைக்கு வந்தா சின்ன அளவுக்கு வழக்குல இருந்து விலக்கு உண்டுன்னு, இவனுக்கு 18 ஆகல, அதனால அந்த பயமும் இன்னும் கொறச்சல்னு சொல்லுங்க. 14446 போதை மீட்பு உதவி நம்பர், 14416 மனநல உதவி நம்பர், ரெண்டும் இலவசம். தட்டி எழுப்பியும் எழுந்திரிக்காம, குறட்டை மாதிரி சத்தத்தோட மூச்சு மெதுவா வந்து ஒதடு நீலமா இருந்தா, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு 108, என்ன மாத்திரைன்னு ஆம்புலன்ஸ்ல வர்றவங்ககிட்ட ஒளிக்காம சொல்லணும், நாலோக்ஸோன்னு ஊசி இருக்கு, நேரத்துக்குப் போட்டா எழுந்து உக்காருவான். இத அவன் கூட்டாளிங்களுக்கும் சொல்லி வெக்கச் சொல்லுங்க.

அட்டையோட ரெண்டு பக்கத்தயும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, அவன் பேர் வேணாம். ராத்திரி பத்தரை வரைக்கும் கடைலதான் இருப்பேன்.